ஜாலிபீ வாங்கி வளர்ந்த கணக்கு

கேட்டவர் எழுதியது இரண்டே வரி. பிலிப்பைன்ஸின் ஜாலிபீ கம்பெனி மற்றவர்களின் உணவகச் சங்கிலிகளை வாங்கி வாங்கியே உலகக் கம்பெனி ஆகிவிட்டது என்கிறார்களே, அது எப்படி? நஷ்டத்தில் கிடந்தவற்றையும் ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள்? இதற்குள் ஒளிந்திருக்கும் உண்மையான கேள்வி வேறு. கடைகளின் எண்ணிக்கை பெருகியது யாருக்கும் தெரியும். வாங்கப் போட்ட ஒவ்வொரு பெசோவும் (பிலிப்பைன்ஸ் நாணயம்) வீட்டுக்குத் திரும்பி வந்ததா என்பதுதான் அது. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் சிலர் ஜாலிபீயைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் காசைக் கரைக்கிறது என்று திட்டுகிறார்கள். உணவகக் கம்பெனிகளை வாங்கும் விற்கும் கணக்குகளில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கொள்முதல் விலை, பங்கு விகிதம், ஆண்டு ஆகியவை கம்பெனியே பங்குச்சந்தைக்கு அறிவித்தவை. அவற்றில் சந்தேகம் இல்லை. எந்த பிராண்ட் தனியாக எவ்வளவு லாபம் தந்தது என்பதை வெளியாள் ஆண்டறிக்கையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது, ஏனென்றால் கணக்கு நாடுவாரியாகவும் தொழில்வாரியாகவும் தொகுத்தே வருகிறது. அந்த இடங்களில் நான் சொல்வது கணிப்பு. அதை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் அடித்தளம். 1975-இல் டோனி டான் காக்டியோங் குடும்பம் கேசோன் சிட்டியின் குபாவோ பகுதியில் மாக்னோலியா ஐஸ்கிரீம் பார்லர் ஒன்றை எடுத்து நடத்தியது. ஐஸ்கிரீமைவிட அங்கே விற்ற சூடான பண்டங்கள் ஓடின. 1978-இல் ஜாலிபீ ஃபுட்ஸ் கார்ப்பரேஷன் பதிவானது. சற்றே இனிப்பான பர்கர், சர்க்கரை தூக்கலான ஸ்பகெட்டி, 1980-இல் சிக்கன்ஜாய் என்ற பொரித்த கோழி. 1981-இல் மெக்டொனால்ட்ஸ் மணிலாவுக்கு வந்தபோது ஜாலிபீ ஒதுங்கவில்லை. உள்ளூர் நாக்குக்கு ஏற்ற சுவையை விடாமல் பிடித்துக்கொண்டு முதலிடத்தைத் தக்கவைத்தது. 1993-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. முதல் பெரிய கொள்முதல் அதற்கு அடுத்த ஆண்டு. இந்த வரிசையை மனதில் வையுங்கள். பதினைந்து ஆண்டுக்கு மேல் சொந்தக் கடைகளைக் கட்டி, அன்றாடம் ரொக்கம் புரளும் ஒரு இயந்திரத்தை உருவாக்கிய பிறகே வாங்கத் தொடங்கினார்கள். துரித உணவில் வாடிக்கையாளர் கையில் காசு கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார், கோழி சப்ளை செய்பவருக்குப் பணம் சில வாரம் கழித்துப் போகிறது. கடைகள் பெருகப் பெருக இந்த இடைவெளிப் பணமும் பெருகும். பின்னால் வந்த எல்லாக் கொள்முதலுக்கும் முதல் கொடையாளி சிக்கன்ஜாய்தான்.

உள்நாட்டில் வாங்கியவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 1994-இல் கிரீன்விச், பீட்சா. அப்போது 80 சதவீதம், மிச்சம் பின்னாளில். 2000-இல் சௌக்கிங், ராபர்ட் குவான் 1985-இல் தொடங்கிய சீனச் சாப்பாட்டுக் கடை. நூடுல்ஸ், சியோபாவ் என்ற உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகும் ரொட்டி, ஹாலோ-ஹாலோ என்ற ஐஸ் இனிப்பு. 2005-இல் ரெட் ரிப்பன், கேக் கடை. 2010-இல் மாங் இனாசல், இலோய்லோவில் 2003-இல் பிறந்த கரியடுப்புக் கோழிக் கடை, சோறு எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதே அதன் விளம்பரம். ஒன்றுகூட ஜாலிபீயின் தட்டிலிருந்து நேரடியாகப் பிடுங்குவது இல்லை. பிறந்தநாளுக்குக் கேக், நண்பர்கள் கூடினால் பீட்சா, மழைக்காலத்தில் சூப், கையில் நூறு பெசோவும் வயிற்றில் கடும் பசியும் இருந்தால் இனாசல். ஒரு பிலிப்பினோ குடும்பம் வெளியே சாப்பிடும் சந்தர்ப்பங்களை ஒவ்வொன்றாக எழுதி, ஜாலிபீ எட்டாத சந்தர்ப்பத்தில் யார் முதலிடம் அல்லது முதலிடத்துக்கு வரக்கூடியவர் என்று பார்த்து அவரை வாங்கியிருக்கிறார்கள். 2011-இல் பிலிப்பைன்ஸ் பர்கர் கிங் உரிமையை நடத்தும் கம்பெனியில் 54 சதவீதம் எடுத்தது மட்டுமே இந்த ஒழுங்கிலிருந்து விலகியது. ஜாலிபீயைவிட விலை கூடிய பர்கர் தின்பவர் வேறு ஆள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எனக்கு அது போட்டியாளர் கையில் போய்விடக் கூடாது என்று எடுத்த முடிவாகவும் தோன்றுகிறது.

வாங்கியபின் என்ன நடக்கிறது என்பதில்தான் லாபம் இருக்கிறது. கமிசரி என்று அவர்கள் சொல்லும் மையச் சமையற்கூடத்தைப் பாருங்கள். லகுனா மாகாணத்தின் கன்லுபாங் போன்ற இடங்களில் ஜாலிபீக்குச் சொந்தமான கமிசரிகளில் கோழி வெட்டி மசாலா ஊறி, சாஸ் கலந்து, ரொட்டி சுட்டு, குளிர்வண்டியில் கடைகளுக்குப் போகிறது. அந்த வண்டி மணிலாவிலிருந்து படாங்காஸுக்கு ஜாலிபீக்காகப் போகத்தான் போகிறது. அதில் சௌக்கிங்கின் சியோபாவையும் ஏற்றினால் ஏற்றுச் செலவு கிட்டத்தட்ட இலவசம். கோழி, சமையல் எண்ணெய், சர்க்கரை, மாவு, பேப்பர் கப் எல்லாவற்றையும் ஒரே கொள்முதல் மேசை பேரம் பேசுகிறது. சிறிய சங்கிலி ஒன்றுக்கு மூலப்பொருள் செலவு விற்பனையில் 38 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உதாரணத்துக்கு), பெரிய மேசைக்கு மாறியதும் 35 ஆனால் அந்த மூன்று சதவீதம் அப்படியே லாபத்தில் சேரும். உணவகத்தில் கடை அளவிலான லாபமே பத்துப் பதினைந்து சதவீதம்தான் என்பதால் மூன்று என்பது சின்ன எண் இல்லை. அடுத்தது இடம். புதிதாக ஒரு மால் கட்டுபவரிடம் ஒரே குழுமம் வந்து தரைத்தளத்தில் நான்கு கடைகள் எடுக்கிறேன் என்றால் வாடகை, முன்பணம், மூலைக்கடை எல்லாம் வேறு தொனியில் பேசப்படும். ஃபிரான்சைஸ் எடுப்பவர்களும், அதாவது கம்பெனியின் பெயரை உரிமம் பெற்றுத் தங்கள் முதலில் கடை நடத்துபவர்களும், பொதுவானவர்கள். ஊரில் ஒரு ஜாலிபீ நடத்திச் சம்பாதித்தவர் அடுத்து எதில் போடலாம் என்று கேட்கும்போது மாங் இனாசல் தயாராக நிற்கிறது.

பொதுவாக்கக் கூடாததும் உண்டு: சமையலறை, மெனு, ருசி, கடைக்கு முன்னால் நிற்கும் முகம். மாங் இனாசலின் கோழியை மையத்தில் ஊறவைக்கலாம், கரியில் வாட்டுவது கடையில்தான் நடக்க வேண்டும்; அந்தப் புகை வாசனைக்கே ஆள் வருகிறார்கள். கேஸ் அடுப்புக்கு மாற்றினால் செலவு குறையும், கூட்டமும் குறையும். அத்தனையும் ஒரே குழாயில் ஓடுவதில் இன்னொரு ஆபத்து, குழாய் அடைத்தால் அத்தனையும் வறண்டுபோகும். 2014 ஆகஸ்டில் ஜாலிபீ தன் சரக்கு மேலாண்மைக் கணினி அமைப்பை மாற்றியபோது கடைகள் போட்ட ஆர்டர் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 72 கடைகள் தற்காலிகமாகப் பூட்டின, திறந்திருந்த பல கடைகளில் சிக்கன்ஜாய் இல்லை. இணையத்தில் சிக்கன்ஜாயைத் திருப்பிப் போட்டு சிக்கன்சேட் (சேட் என்றால் சோகம்) என்று கேலி பரவியது. கடையில் கேஷியர் இருக்கிறார், எண்ணெய் கொதிக்கிறது, கோழி மட்டும் எந்த வண்டியில் என்று யாருக்கும் தெரியவில்லை. கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் முதல் மாதமே கணினியையும் ஒன்றாக்க வேண்டும் என்று அவசரப்படுபவர்கள் இந்தச் சம்பவத்தைப் படித்துவிட்டுப் பேசலாம். அனுபவமுள்ளவர்கள் பழைய அமைப்பையும் புதியதையும் சில வாரம் இணையாக ஓட்டி, சின்ன வட்டாரத்தில் சோதித்து, பண்டிகை மாதங்களைத் தவிர்த்துத்தான் மாற்றுவார்கள்.

மாங் இனாசல் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், பாடப்புத்தகத்தில் போடலாம். 2010-இல் நிறுவனர் எட்கர் சியாவிடமிருந்து 70 சதவீதத்தை 3 பில்லியன் பெசோவுக்கு ஜாலிபீ வாங்கியது. அப்போது சுமார் 300 கடைகள், பெரும்பாலும் ஃபிரான்சைஸ். 3 பில்லியனை 0.70-ஆல் வகுத்தால் முழுக் கம்பெனியின் மதிப்பு சுமார் 4.3 பில்லியன். 2016-இல் மீதி 30 சதவீதத்தை 2 பில்லியனுக்கு வாங்கியது. வகுத்தால் சுமார் 6.7 பில்லியன். ஆறு ஆண்டில் மதிப்பு ஒன்றரை மடங்குக்கு மேல், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சதவீதம், இடையில் ஈவுத்தொகை தனி. முழுதாக முதல் நாளே ஏன் வாங்கவில்லை? நிறுவனர் கையில் 30 சதவீதம் இருந்தால் அவர் நாளைக்கே தெருமுனையில் இன்னொரு கோழிக்கடை போட மாட்டார், ஃபிரான்சைஸ்காரர்களை அமைதிப்படுத்துவார், கடைப்பெயரின் மதிப்பு ஏறினால் தனக்கும் ஏறும் என்பதால் உழைப்பார். வாங்குபவருக்குக் கையிலிருந்து போகும் பணமும் குறைவு, உள்ளே ஏதாவது புதைந்திருந்தால் தெரிந்துகொள்ள அவகாசமும் உண்டு. விலை என்னவென்றால், கம்பெனி நன்றாக ஓடினால் மிச்சப் பங்குக்கு அதிகம் கொடுக்க வேண்டும். ஜாலிபீ கொடுத்தது. சியா பிறகு டோனி டான் காக்டியோங்குடனேயே சேர்ந்து டபுள்டிராகன் என்ற நிலத்தொழில் கம்பெனியை நடத்தினார். விற்றவர் வாங்கியவரோடு கூட்டுச் சேரும் அளவுக்கு உறவு கெடாமல் இருந்தது என்பதே அந்த ஒப்பந்தம் இருதரப்புக்கும் கசக்கவில்லை என்பதற்கு அடையாளம்.

வெளிநாட்டுக்கு வந்தால் கதை சிக்கலாகிறது. ஜாலிபீ பெயரிலேயே 1980-களில் சிங்கப்பூர், தைவான், புருணை, இந்தோனேசியா என்று போனார்கள். சிங்கப்பூரும் தைவானும் சீக்கிரமே மூடின, கூட்டாளிகளோடு ஒத்துப்போகாததும் அதில் ஒரு காரணம், புருணை நின்றது. பிற்பாடு கலிஃபோர்னியா, வளைகுடா, ஹாங்காங் என்று பிலிப்பினோ தொழிலாளர்கள் இருக்கும் இடமெல்லாம் கடை நன்றாக ஓடியது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் 2013-இல் லக்கி பிளாசாவில் அது திரும்பத் திறந்தபோது நின்ற வரிசையைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த வரிசைக்கு ஒரு எல்லை இருக்கிறது. பிலிப்பினோ அல்லாதவரையும் பெருவாரியாக உண்ண வைக்க வேண்டுமென்றால் அந்த மண்ணின் பெயர்ப்பலகையையே வாங்குவது குறுக்குவழி என்று முடிவு செய்தார்கள்.

முதல் பெரிய இலக்கு சீனா. 2004-இல் யோங்ஹே கிங்கில் 85 சதவீதம், 22.5 மில்லியன் டாலர். சோயாப்பால், யூதியாவ் என்ற பொரித்த மாவுத்தண்டு, நூடுல்ஸ் விற்கும் ஷாங்காய் சங்கிலி. மீதி 15 சதவீதம் 2007-இல். 2008-இல் பெய்ஜிங்கின் கஞ்சிக் கடைச் சங்கிலி ஹோங் ஜுவாங் யுவான், 50.5 மில்லியன் டாலர். 2012-இல் தெற்குச் சீனாவின் குவாங்ஸி வட்டாரத்தின் சான் பின் வாங் என்ற மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையில் 55 சதவீதம், சில ஆண்டுகளிலேயே விற்றுவிட்டார்கள். தைவான் குழுமத்தோடு சேர்ந்து தொடங்கிய ஹாட்பாட் கடையும், சீனாவில் டங்கின் டோனட்ஸ் கடைகளைப் பெருக்கும் கூட்டுத் திட்டமும் நிலைக்கவில்லை. ஏன் என்பதற்கு என் கணிப்பு இது: மேலே சொன்ன இணைப்பு எதுவும் சீனாவில் கிடையாது. கன்லுபாங் கமிசரி ஷாங்காய்க்குச் சாஸ் அனுப்ப முடியாது, மணிலா மால்காரரின் நட்பு பெய்ஜிங்கில் செல்லாது, பெய்ஜிங் கஞ்சிக்கும் குவாங்ஸி நூடுல்ஸுக்கும் இடையேகூட இரண்டாயிரம் கிலோமீட்டர். ஒவ்வொன்றும் தன் காலிலேயே நின்றாக வேண்டும். அப்படி நிற்க வேண்டிய கம்பெனிக்குத் தலைமையகம் கொடுக்கக்கூடியது பணமும் ஒழுக்கமும் மட்டும்தான், சீனாவில் பணத்துக்குப் பஞ்சம் இல்லாத காலம் அது. யோங்ஹே கிங் அவற்றைவிட நன்றாக நிலைத்ததற்குக் காரணம் அது ஏற்கெனவே காலை உணவில் பெயர் வாங்கியிருந்தது.

ஸ்மாஷ்பர்கருக்கு வருவோம், கேள்வியின் இரண்டாம் பாதி இதைத்தான் தொடுகிறது. அமெரிக்காவின் டென்வரில் 2007-இல் தொடங்கிய பர்கர் கடை. 2015-இல் 40 சதவீதத்துக்கு 99 மில்லியன் டாலர். 2018 தொடக்கத்தில் மேலும் 45 சதவீதத்துக்கு 100 மில்லியன். அதே ஆண்டு டிசம்பரில் கடைசி 15 சதவீதத்துக்கு 10 மில்லியன். மாங் இனாசலுக்குப் போட்ட அதே வகுத்தலைப் போடுங்கள். 99-ஐ 0.40-ஆல் வகுத்தால் 247, 100-ஐ 0.45-ஆல் வகுத்தால் 222, 10-ஐ 0.15-ஆல் வகுத்தால் 67. அதே படிப்படி முறை, அதே வாங்குபவர், ஆனால் படி கீழ்நோக்கி இறங்குகிறது. கடைசி எண்ணை அப்படியே கம்பெனியின் மதிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுபான்மைப் பங்குக்கு எப்போதும் தள்ளுபடி உண்டு, கடன் எவ்வளவு சேர்ந்திருந்தது என்பதைப் பொறுத்தும் மாறும். திசை மட்டும் தெளிவு. சில மாத இடைவெளியில் கடைசியாக மிஞ்சியவர்கள் அவ்வளவு குறைந்த விலைக்கு வெளியேறுகிறார்கள் என்றால், முன்னே இருப்பது செலவு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கே என்ன கெட்டது? அமெரிக்காவில் அந்த நேரத்தில் ஃபைவ் கைஸ், ஷேக் ஷாக் என்று நல்ல பர்கர் என்ற ஒரே வகுப்பில் ஆளாளுக்குக் கடை திறந்துகொண்டிருந்தார்கள். ஸ்மாஷ்பர்கர் கடைகள் பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தன. ஒரு நகரில் இரண்டு, அடுத்த நகரில் மூன்று. அடர்த்தி இல்லாவிட்டால் விளம்பரச் செலவைப் பங்கிட முடியாது, சப்ளை வண்டி பாதி காலியாக ஓடும், வட்டார மேலாளர் காரிலேயே வாழ்வார். சொந்தக் கடைகளின் விகிதமும் அதிகம், ஆகவே வாடகை ஒப்பந்தங்கள் கழுத்தில் தொங்கின. அமெரிக்க வணிக வளாகத்தில் பத்தாண்டு குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடையை மூடினாலும் வாடகை நிற்காது. மிச்ச ஆண்டுகளுக்குப் பேரம் பேசி ஒரு தொகை கொடுத்துத்தான் விடுபட வேண்டும். ஆகவே நஷ்டக் கடையை மூடுவதே முதலில் இன்னொரு நஷ்டமாகக் கணக்கில் ஏறும்.

அப்படியானால் நஷ்டத்தில் ஓடுவதை ஏன் வாங்குகிறார்கள்? நஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்துத்தான். கடை அளவில் லாபம் வந்து, தலைமையகச் செலவும் வட்டியும் அதை விழுங்கினால் அது வாங்கத் தக்க நஷ்டம்: வாங்குபவர் கடனை அடைத்து, தலைமையகத்தைச் சுருக்கி, கொள்முதலைச் சேர்த்தால் சரியாகும். கடை அளவிலேயே நஷ்டம், அதாவது பழைய கடைகளில் ஆண்டுக்காண்டு ஆள் குறைகிறார்கள் என்றால், எந்தத் தலைமையகமும் அதைக் காப்பாற்றுவது கடினம். விற்பவர் காட்டும் அறிக்கையில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஆகவே வாங்குபவரின் ஆட்கள் முதலில் கேட்பது கடைவாரி லாபநஷ்டம், குறைந்தது மூன்று ஆண்டு, மாதவாரியாக. பிறகு ஒவ்வொரு கடையின் குத்தகை முடியும் தேதி. பிறகு ஃபிரான்சைஸ்காரர்களில் எத்தனை பேர் ராயல்டி, அதாவது பெயரைப் பயன்படுத்தத் தலைமையகத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு, பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது. இந்த மூன்றாவது பட்டியலை விற்பவர் கடைசியாகத்தான் கொடுப்பார், அதில்தான் நிஜம் இருக்கும். ராயல்டி பாக்கி என்பது கடை நடத்துபவருக்கே பணம் வரவில்லை என்பதன் முதல் அறிகுறி.

காஃபி பீன் அண்ட் டீ லீஃப் முதல் வகை நஷ்டம் என்று ஜாலிபீ கணக்குப் போட்டிருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மாலுக்கு மால் இருக்கும் அதே கடைதான், 1963-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. 2019-இல் 350 மில்லியன் டாலர், 1,189 கடைகள், ஜாலிபீயின் அதுவரையிலான மிகப்பெரிய கொள்முதல். வியட்நாமின் ஹைலேண்ட்ஸ் காஃபி என்ற சங்கிலியில் ஏற்கெனவே கூட்டாளியாக இருந்த தரப்புக்கு 20 சதவீதம், ஜாலிபீக்கு 80. அறிவிப்பு வந்ததும் பங்கு விலை சரிந்தது. சந்தை அதை விரும்பவில்லை. வாங்கிய சில மாதங்களில் கொரோனா. லாஸ் ஏஞ்சலஸில் அலுவலகங்கள் காலி, காலைக் காப்பிக்கு ஆள் இல்லை. 2020-இல் ஜாலிபீ குழுமம் 7 பில்லியன் பெசோ ஒதுக்கி நஷ்டக் கடைகளை மூடி ஆட்களையும் அமைப்பையும் மாற்றியமைத்தது, அந்த ஆண்டு முடிவில் காட்டிய நஷ்டம் சுமார் 11.5 பில்லியன் பெசோ. எல்லாப் பழியையும் தொற்றின் மேல் போடலாம், பலர் போட்டார்கள். தொற்று இல்லாவிட்டாலும் அமெரிக்கக் கடைகளைச் சீராக்கப் பல ஆண்டு பிடித்திருக்கும் என்பது என் எண்ணம். நிரூபிக்க வழி இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். 2020 ஜனவரியில் 600 மில்லியன் டாலருக்கு 3.9 சதவீதத்தில் முதிர்வு தேதி இல்லாத மூலதனப் பத்திரங்களை வெளியிட்டார்கள், காஃபி பீனுக்காக எடுத்த குறுகிய காலக் கடனை அடைக்க அது பயன்பட்டது. அதே ஆண்டு ஜூனில் இன்னொரு 600 மில்லியனுக்குக் கடன் பத்திரங்கள். முதலாவது வகையைக் கவனியுங்கள். முதிர்வு இல்லாததாலும், ஆண்டுத் தொகையைக் கம்பெனி தள்ளிப்போட முடியும் என்பதாலும் கணக்குப் புத்தகத்தில் அது கடன் பக்கம் வராமல் மூலதனப் பக்கம் உட்காரும். கடன் விகிதம் அழகாகத் தெரியும். ஆனால் பத்திரக்காரருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டுதான் இருக்கும், குறித்த ஆண்டுக்குமேல் திருப்பி எடுக்காவிட்டால் விகிதம் ஏறும்படியான நிபந்தனையும் இத்தகைய பத்திரங்களில் வழக்கம். பங்குதாரருக்குப் போகும் லாபத்தைக் கணக்கிடும்போது அதைக் கழித்துப் பாருங்கள்.

வியட்நாம் தனிக்கதை. 2012-இல் ஹைலேண்ட்ஸ் காஃபியும் ஃபோ 24 என்ற நூடுல்ஸ் சூப் கடையும் வைத்திருந்த சூப்பர்ஃபுட்ஸ் குழுமத்தில் 50 சதவீதம், 25 மில்லியன் டாலர், பிறகு 60 சதவீதம். வெளிநாட்டுக் கொள்முதல்களில் மிகச் சிறிய விலைகளில் ஒன்று, எனக்குத் தெரிந்தவரை மிக நன்றாகப் பலன் தந்ததும் இதுவே. ஃபோ 24 பெரிதாக எழவில்லை. ஹைலேண்ட்ஸ் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் பெருகி முதல் வரிசைக்கு வந்தது. காரணங்கள் சாதாரணம்: வருமானம் ஏறும் நாடு, காப்பி ஏற்கெனவே அன்றாடப் பழக்கம், உள்ளே இருந்து நடத்தும் உள்ளூர் கூட்டாளிக்குப் பெரிய பங்கு. டிம் ஹோ வான் வேறு பாதை. ஹாங்காங்கின் மிஷலின் நட்சத்திர டிம்சம் கடையை நேரடியாக வாங்காமல், அதில் முதலீடு செய்த டைட்டன் டைனிங் என்ற நிதியில் 2018-இல் பங்காளியாகச் சேர்ந்து, படிப்படியாகக் கூட்டி, 2024-இல் முழுவதையும் எடுத்தார்கள். தவறினால் இழப்பு நிதியில் போட்ட தொகையோடு நிற்கும் என்பது அந்தப் பாதையின் வசதி.

2024-இல் கொரியாவின் காம்போஸ் காஃபி. 340 மில்லியன் டாலர், 2,612 கடைகள். ஜாலிபீக்கு 70 சதவீதம், எலிவேஷன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 25, டைட்டனின் இரண்டாம் நிதிக்கு 5. இது முந்தையவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறான பொருள். கடைக்கு எவ்வளவு என்று வகுத்தால் காஃபி பீனுக்குச் சுமார் 2.9 லட்சம் டாலர், காம்போஸுக்கு 1.3 லட்சம். மலிவு என்று துள்ளிவிடக் கூடாது. காம்போஸ் கடைகள் ஏறக்குறைய அனைத்தும் ஃபிரான்சைஸ்காரர்களுடையவை. வாங்கியது கடையை இல்லை, கடைகளிலிருந்து வரும் ஓடையை. உதாரணத்துக்கு, ஒரு கடையில் நூறு ரூபாய்க்கு வியாபாரம் நடந்தால் சொந்தக் கடைக்காரருக்குப் பொருள் 35, கூலி 20, வாடகை 12, மற்றவை 20 போக 13 மிஞ்சலாம். அதற்குக் கடை கட்டிய முதலும் போட வேண்டும், ஆள் வராவிட்டால் வாடகையும் கூலியும் நிற்காது. ஃபிரான்சைஸ் தருபவருக்கு ஐந்தோ ஆறோதான் வரும், முதல் போட்டவர் வேறொருவர். கொரியாவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அங்கே மலிவு விலைக் காப்பிச் சங்கிலிகளின் தலைமையகங்கள் விற்பனையில் சதவீத ராயல்டியைவிட வறுத்த கொட்டையும் பொருள்களும் கடைகளுக்கு விற்பதிலேயே அதிகம் சம்பாதிக்கின்றன. ஆகவே கவலைப்பட வேண்டிய இடம் ஃபிரான்சைஸ்காரரின் பொறுமை. தெருவுக்கு நான்கு மலிவுக் காப்பிக் கடை இருக்கும் ஊரில் கொட்டை விலையை ஏற்றினால் அவர் பலகையைக் கழற்றி எதிர்க்கடைப் பலகையை மாட்டிக்கொள்வார்.

இந்த ஒரு கொள்முதலால் குழுமத்தின் கடை எண்ணிக்கை ஒரே கையெழுத்தில் 2,612 கூடி, பத்தாயிரத்தை நெருங்கியது. அதில் பிலிப்பைன்ஸில் இருப்பவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். விற்பனையில் கதை தலைகீழ், பாதிக்கு மேல் இன்னும் பிலிப்பைன்ஸிலிருந்தே வருகிறது. லாபத்தில் அதன் பங்கு அதைவிடப் பெரிது என்றே கருதுகிறேன். எப்படி வளர்ந்தார்கள் என்று கேட்டவருக்கு ஒரே மூச்சில் பதில் வேண்டுமென்றால், வீட்டில் வாங்கியவை ஏற்கெனவே ஓடிய குழாயில் பொருந்தின, வெளியே வாங்கியவற்றுக்கு வீட்டுச் சம்பாத்தியம் பொறுமையைக் கொடுத்தது. நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் குடும்பத்தின் கையிலேயே கட்டுப்பாடு இருப்பதால்தான் அந்தப் பொறுமை சாத்தியமானது. 2014 முதல் தலைமைப் பொறுப்பில் இருந்த எர்னெஸ்டோ டான்மான்டியோங் டோனியின் தம்பிதான். காலாண்டுக்குக் காலாண்டு பதில் சொல்ல வேண்டிய தலைமை ஸ்மாஷ்பர்கரை எப்போதோ விற்றிருக்கும். அது சரியான முடிவாகவும் இருந்திருக்கலாம்.

நீங்களே ஆண்டறிக்கையைத் திறந்து பார்ப்பதானால் சில வரிகளில் விரலை வையுங்கள். மொத்தக் கடை விற்பனை என்று அவர்கள் முதலில் போடும் எண்ணில் ஃபிரான்சைஸ்காரரின் கல்லாவில் விழுந்ததும் சேரும். கம்பெனியின் வருவாய் அதைவிடக் குறைவு, இரண்டையும் குழப்பாதீர்கள். வளர்ச்சி எத்தனை சதவீதம் என்றால் அதில் அதே பழைய கடைகளின் வளர்ச்சி எவ்வளவு, புதிதாக வாங்கியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். முதலாவதுதான் கடையின் ஆரோக்கியம். 2019-இல் குத்தகைக்கான கணக்கியல் விதி மாறியதால் வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தில் வாடகை கழிக்கப்படுவதில்லை, அது தேய்மானமாகவும் வட்டியாகவும் கீழே போய்விட்டது. பழைய விதியில் போட்ட எண்ணையும் புதிய விதியில் போட்ட எண்ணையும் நேரடியாக ஒப்பிட்டால் எல்லாக் கடையும் திடீரென்று கொழுத்ததுபோல் தெரியும். குட்வில் என்ற வரியில் வாங்கிய விலைக்கும் கையில் கிடைத்த சொத்துக்கும் உள்ள வித்தியாசம் உட்கார்ந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சோதிக்க வேண்டும், குறிப்புப் பக்கத்தில் எந்த பிராண்டுக்கு எவ்வளவு வளர்ச்சி விகிதம், எவ்வளவு தள்ளுபடி விகிதம் (நாளை வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) வைத்துச் சோதித்தார்கள் என்று எழுதியிருப்பார்கள். போன ஆண்டு வைத்த வளர்ச்சியை அந்த பிராண்ட் எட்டாமலேயே இந்த ஆண்டும் அதே விகிதத்தை வைத்திருந்தால், மேலே அட்டையில் என்ன படம் போட்டிருந்தாலும், அந்தக் குறிப்பை இரண்டாம் தடவை படியுங்கள்.